கால் நனைக்காதவனுக்குச் சீட்டு இல்லை

சுனாமி வந்து போய் மூன்று வருஷம் ஆன பிறகு, பழவேற்காடு ஏரியில் படகின் மேல் எழுந்து நின்று "ஐயோ சுனாமி! சுனாமி!" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அக்கா ஊரில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் சிரித்துவிட்டு, பிறகுதான் வா என்கிறார்கள்.

அக்காவை ஏரிக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த தடவை எனக்கு முள் மட்டும்தான் சோற்றில் விழும். சுனாமி அந்த ஊரில் ஆளைக் கொண்டுபோகவில்லை, குடிசைகளை மட்டும் மொத்தமாக வாரிக்கொண்டு போனது. பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே கான்கிரீட் தூண்களை நட்டு, அதன் மேல் வீடு கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தால் கீழே ஓடிவிடும், வீடு நனையாது என்பது அவர்கள் கணிப்பு. ஊர் அதற்குக் கால் வீடு என்று பேர் வைத்தது.

எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் வேலை. புது வீட்டைப் பார்க்க வருஷம் ஒன்றாகியும் போகவில்லை. "நீயெல்லாம் ஒரு தம்பியாடா, கட்டையில போறவனே" என்று அக்கா போனில் திட்டித் தீர்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டில் ஒரு பாய் கடையில் அக்கா பெண்கள் இருவருக்கும் பிஸ்கோத்தும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு படகேறினேன்.

படகு நெருங்கும்போது பார்க்கிறேன், மொத்த ஊரும் ஓடுகிறது. ஒருத்தன் தலையில் அரசாங்கம் கொடுத்த டிவி. ஒரு பெண் இடுப்பில் பிள்ளை, தலையில் பாத்திர மூட்டை. இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட, கட்டிலின் மேல் ஒரு கிழவர் உட்கார்ந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆடு, கோழி, சாமி படம், சுருட்டிய பாய். வேறு என்ன நினைப்பான் ஒரு மனுஷன்? எழுந்து நின்று கத்தினேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யோவ், குந்துய்யா! படகு கவுந்துரப் போவுது" என்றார் படகுக்காரர். "சுனாமியும் இல்ல, இன்னொண்ணும் இல்ல. இன்னிக்கு ஊடு மாத்தற நாளு."

"ஒரே நாள்ல ஊரே வீடு மாத்துதா?"

"பின்ன? நா எங்கூட்ட காலி பண்ணாதானே அவன் வர முடியும்?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஏரியில் எங்கே வலை கட்டினால் இறால் கொட்டும், எங்கே கட்டினால் பாசி மட்டும் வரும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நல்ல இடத்துக்கே போனால் மண்டை உடையும். அதனால் எந்தக் காலத்திலோ ஒரு முறை வைத்தார்கள். பாடு என்று அதற்குப் பெயர். சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று மாறிக்கொண்டே போகும். எவனுக்கும் சொந்த இடம் கிடையாது, எல்லாருக்கும் முறை உண்டு. சீட்டு எடுக்கிறவன் கல்யாணமானவனாக இருக்க வேண்டும், ஏரியில் வலை கட்டுகிறவனாக இருக்க வேண்டும். கால் நனைக்காதவனுக்குச் சீட்டு இல்லை என்பார்கள்.

கால் வீடுகள் வந்தபோது தொண்டு நிறுவனத்தார் அவர்கள் வழக்கப்படி பட்டியலைப் படித்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாவி கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். படகு கண்ணுக்கு மறைந்ததும் ஊர் கூடியது. முதல் வரிசை வீடுகள் ஏரியைப் பார்த்திருந்தன. காற்று பிய்த்துக்கொண்டு போகும், படகை வீட்டுத் தூணிலேயே கட்டலாம். கடைசி வரிசை வேலிக்காத்தான் முள்ளைப் பார்த்திருந்தது. அங்கே காற்றுக்குப் பதிலாகக் கொசு. ஒருத்தன் ஆயுசுக்கும் காற்று வாங்க, இன்னொருத்தன் ஆயுசுக்கும் கொசு அடிப்பதா? இது என்ன நியாயம் என்று கேட்டு, சாவிகளை எல்லாம் திருப்பி வாங்கி ஒரு எவர்சில்வர் குடத்தில் போட்டார்கள். காலையில் கொடுத்த வீடு சாயந்தரம் கைமாறியது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை குலுக்கல்.

ஒரு மாதம் கழித்து ஃபைலோடு வந்த நிறுவனத்து அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டதாம். இரண்டாம் வீட்டில் இருக்க வேண்டியவர் பத்தாம் வீட்டில் இருந்தார். பத்தாம் வீட்டுக்காரரைக் காணோம். "அவங்க மூணாவது லைன்ல கீறாங்க மேடம், அட்த்த வருசம் வந்தா வேற எடத்துல இருப்பாங்க" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா ஃபைலை மூடிக்கொண்டு நேராகப் படகில் போய் ஏறிவிட்டாராம்.

இவ்வளவு பாடுபட்டு மாற்றிக்கொள்கிறார்களே, வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பதினோரு படி ஏறி மேலே போனேன். அங்கே இரண்டு ஆடுகள் இருந்தன. ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. வீடு அடுப்பாகக் கொதித்தது.

"அங்க இன்னாடா பண்ற? கீழ எறங்கி வா, சோறு ஆறுது" என்று அக்காவின் குரல் கேட்டது. குடித்தனம் எல்லாம் தூண்களுக்கு நடுவில்தான். நல்ல நிழல், நாலு பக்கமும் காற்று. அங்கேயே அடுப்பு, அங்கேயே தூளி, அங்கேயே வலை பின்னுவது, அங்கேயே சண்டை. மழை வந்தால்தான் மேலே ஏறுவார்கள். மழையில்லாத நாளில் மேலே ஏறிக் கதவைச் சாத்துகிறவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள். அவர்கள் படி இறங்கி வரும்போது ஊரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருமும்.

அந்த வருஷம் அக்காவுக்கு முதல் வரிசையில் வீடு விழுந்திருந்தது. மகாராணி தோற்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பூநாரை பார்க்க வந்த டவுன் கூட்டம் ஒன்று படகில் வந்து இறங்கியது. கூட வந்த வழிகாட்டி, "இது டச்சுக்காரன் காலத்துலேர்ந்து இருக்கற கால் வீடுங்க, நானூறு வருஷப் பாரம்பரியம்" என்றான். தூணில் சிமென்ட் பூசின கை அடையாளம்கூட மறையவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் தூணைத் தடவிப் பார்த்து, "எத்தனை தலைமுறையா இருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா புருஷனான என் மாமாவின் கூட்டாளி பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே படகு. "ஏழு தலைமுறை சார்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே காட்டாமல். மாமாவுக்குச் சிரிப்பில் புரை ஏறி, சோறு மூக்கில் வந்துவிட்டது. மாமா அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு வெகு நாள் நான் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு ஏரி ஏமாற்ற ஆரம்பித்தது. முகத்துவாரத்தில் மணல் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. இறால் இல்லை, மடவை மீன் இல்லை. நல்ல பாடு விழுந்த நாளிலும் மாமா வெறும் வலையோடு திரும்பினார். ஒரு நாள் போன் செய்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"மச்சான், உன் கம்பினில எதனா வேலை கெடைக்குமா?"

எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. என் அப்பா ஏரியை விட்டு வந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். நான் அதே பேட்டையில் கம்பெனிக்கு உள்ளே போனவன். ஆகவே தண்ணீரில் நிற்கிறவர்களைவிட ஒரு படி மேல் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது, மறைப்பானேன். காண்டிராக்டரிடம் பேசினேன். என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். ஒரே வாரத்தில் மாமா ஹெல்பர் ஆனார். வாரம் முழுக்க என் ரூமில் தங்கல், லீவு நாளில் ஊர்.

வேலையில் அவர் கெட்டி. பிறந்ததிலிருந்து செருப்பே போடாத காலில் சேப்டி ஷூ ஏறியதுதான் பேஜார். முதல் வாரமே இரண்டு குதிகாலும் கிழிந்து ரத்தம். பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடி வரும் இடத்தில், எல்லாரும் கம்பியைப் பார்த்துப் பயப்பட, இவர் ஷூவைப் பார்த்துப் பயந்தார். ராத்திரியில் காலை ஒரு பக்கெட் தண்ணீரில் வைத்துக்கொண்டு ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பார். "இந்தத் தண்ணில உப்பே இல்ல மச்சான்" என்பார். நான் சிரிப்பேன்.

ஒன்பது மாதம் ஓடியது. அடுத்த குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா போன் செய்தாள். எடுத்தவுடன் திட்டவில்லை.

"சீட்டுல அவரு பேரு வராதாம்டா. கால் நனைக்கலயாம். ஊட்ட, காத்துகினு கீற புது மாப்பிள ஒர்த்தனுக்குக் குடுத்துருவாங்களாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். ஏரிக்கும் அந்த முறைக்கும் ஆகாதவராக என் மாமாவை ஆக்கியது நான். காண்டிராக்டரிடம் பல்லைக் காட்டிப் பேசினபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

"இங்க வந்துடுக்கா, என் ரூம் பக்கத்துலயே ஒரு போர்ஷன் பாக்கறேன்" என்றேன்.

"உன் ரூம்பு பக்கத்துல வெளுத்த துணி காயப் போட்டா கறுப்பாயி வருது. அங்க வந்து நா இன்னாடா பண்ணுவேன்? தண்ணில கைய வெச்சா எனக்கு எறா கெடைக்கும். தார் ரோட்டுல கைய வெச்சா இன்னா கெடைக்கும்?" அதற்குப் பிறகு அவள் அழுதாள். எனக்கு மூன்று வயது இருக்கும்போது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், என்னிடம் அழுது அன்றுதான் கேட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை. சனி இரவு ஷிப்ட் முடித்து, நானும் மாமாவும் அப்படியே கம்பெனிச் சட்டையோடு போனோம். முதல் வரிசை முதல் வீட்டுக்கு அடியில் சபை. ஆண்கள் தூண்களுக்கு உள்ளே மணலில், பெண்கள் தூண்களுக்கு வெளியே வெயிலில். ஊர்த் தலைவர் நடுவில் எவர்சில்வர் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சரிக்கட்டியிருக்கலாம். தன் சொந்த மகனே கால் நனைக்காவிட்டாலும் சீட்டுக் கொடுக்காத மனுஷன், அவரை என்ன செய்ய முடியும்?

ஒவ்வொருத்தராகப் போய் எடுத்தார்கள். மாமா முறை வந்தது. தலைவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"நீ வலை கட்டி எத்தினி மாசம் ஆச்சி?"

"ஒம்பது."

"முறை தெரியுமில்ல?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மாமா உட்கார்ந்தார். கூட்டாளி இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா தூணைத் தாண்டி உள்ளே வந்தாள். "எனக்குக் குடுங்க சீட்டு."

"நீ இன்னாத்துக்குமா உள்ள வர்ற?"

"கால் நனைக்கறவங்களுக்குத்தானே சீட்டு? நா தெனம் இடுப்பு வரைக்கும் நனைக்கறேன். இந்தா பாருங்க." இரண்டு கையையும் நீட்டினாள். ஏரிச் சேற்றைத் தடவித் தடவி, கையாலேயே இறால் பிடிக்கிற கை. சிப்பி கிழித்த கோடு இல்லாத விரல் ஒன்றுகூட இல்லை.

"கையால தடவறதும் வலை கட்றதும் ஒண்ணா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"உன் வலையவிட என் கைல ஜாஸ்தி மாட்டுது. போன வாரம் கொழம்புக்கு எறா எங்கேர்ந்து வந்திச்சின்னு உன் பொண்டாட்டியக் கேளு."

வெளியே பெண்கள் கூட்டம் சிரித்தது. கேட்டவன் பொண்டாட்டிதான் அதிகமாகச் சிரித்தாள்.

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, நா சொல்றதக் கேளு. பொம்பள சீட்டு எடுக்கறதுக்கு முறைல ஒரே வழிதான் கீது. புருசன் செத்திருக்கணும். மூணாவது லைன்ல அந்தம்மா எடுக்குது, நா வேணான்னனா? உனக்குத்தான் புருசன் குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறானே. நா இன்னா பண்ணட்டும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கம்பெனியில் படித்துப் பார்த்த நாலு நோட்டீஸ் தந்த தைரியத்தில் எழுந்து, "ஐயா, சட்டப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நைனா, போன தபா சுனாமி இட்டாந்தவன் நீதானே?" என்றார் தலைவர். "கம்னு குந்து."

மொத்தச் சபையும் சிரித்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன், விட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நீட்டின கை நீட்டினபடியே நின்றாள்.

மாமா தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அப்ப நா செத்துட்டேன்னு வச்சிக்கோங்க" என்றார். "அவ எடுக்கட்டும்."

அக்கா பாய்ந்து வந்து அவர் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "வாயக் கழுவுய்யா! இன்னா பேச்சு பேசற? வாயக் கழுவு!" மாமா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்த விவாதத்தைத் திருவள்ளூர் கோர்ட்டில்கூடக் கேட்க முடியாது.

"உசுரோட கீறவன் எப்டிப்பா சாவான்?"

"அவனே சொல்றான் இல்ல? அவனவிட யாருக்குத் தெரியும்?"

"அப்ப காரியம் பண்ணணுமா?"

"கருமாதிச் சோறு உண்டா, இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க."

"அப்டின்னா தாலிய..." என்று எங்கிருந்தோ ஒரு குரல் ஆரம்பித்தது.

"எவன்டா அவன்?" என்றாள் அக்கா. "எழுந்து முன்னால வாடா, பாப்போம்." யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தலைவர் வெகு நேரம் குடத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முறையையும் உடைக்கக் கூடாது, இந்தப் பெண்ணையும் வெளியே தள்ளக் கூடாது என்று அந்த மனுஷன் உண்மையிலேயே தவித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "முறைக்கு முறையாவே போவோம். இன்னிலேர்ந்து இவன் ஊருக்கு செத்தவன். சபைல குந்தக் கூடாது. கோயில் பங்கு கெடையாது. ஊர் விசயம் எதுவும் யாரும் இவன்கிட்ட பேசக் கூடாது. செத்தவன் ஏரில கால் வெக்கக் கூடாது. சம்மதமா?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"வாயத் தொறக்காத! செத்தவன் சபைல பேசலாமா? தலைய மட்டும் ஆட்டு."

மாமா தலையை ஆட்டினார். தலைவர் குடத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். அவள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். கடைசி வரிசை, கடைசி வீடு. முள் காட்டுக்குள்ளேயே பாதி நுழைந்திருக்கிற வீடு. ஊரில் எவனும் விரும்பாத வீடு. அக்கா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில் போனபோது, "முள்ளு கீழதானடா கீது, ஊடு மேல கீது" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அன்றைக்கே வீடு மாற்றம். போன வருஷம் பார்த்த அதே ஓட்டம், அதே டிவி, அதே கட்டில் கிழவர். மாமா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக அக்காவின் பீரோவைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். போன வருஷம் எதிரில் வருகிறவன் எல்லாம் மாமாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே போனான். இப்போது வழியை மட்டும் விட்டார்கள். யாரும் ஏதும் பேசவில்லை. ஊர் விஷயம்தானே பேசக் கூடாது என்றார்கள்? ஆனால் அந்த ஊரில் ஊர் விஷயத்தைத் தவிர வேறு என்ன விஷயம் இருக்கிறது?

கூட்டாளி ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார். மாமா நின்றார். கூட்டாளி ஆட்டின் முகத்தைப் பார்த்தபடியே எங்களைத் தாண்டிப் போனார். இருபது வருஷம் ஒரே படகில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர். மாமா பீரோவைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்தார். எனக்கு எதிரே, பீரோவுக்கு அந்தப் பக்கம், அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் செய்த உபகாரம் இது. சந்தோஷமாக இருந்தது என்று யாராவது சொல்லச் சொன்னால் செருப்பால் அடிப்பேன்.

மறுநாள் திங்கட்கிழமை, இரண்டாம் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு நாங்கள் கரைக்கு வந்தோம். அக்கா இட்லியும் இறால் தொக்கும் கட்டிக் கொடுத்தாள். வீட்டுப் படியிலேயே நின்றுகொண்டாள்.

கரையை அடைந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அந்த ஊரில் படகுத்துறை என்று ஒன்று கிடையாது. படகு பத்து அடி தள்ளி முழங்கால் தண்ணீரில் நிற்கும். இறங்கி நடந்துதான் ஏற வேண்டும். செத்தவன் ஏரியில் கால் வைக்கக் கூடாது.

மாமா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலுக்கு அரை அடி முன்னால் நின்றார். ஒரு அலை வந்து அவர் கால் கிட்டே வரைக்கும் வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்த மனுஷன் அதைப் பார்த்து நகர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. "போய்யா, யார் பாக்கப் போறாங்க, எறங்கு மாமா" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். முதல் வரிசை வீடுகளுக்கு அடியில் ஊரே பல் தேய்த்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவரும் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருந்தார். இறங்கினால் அக்காவின் சீட்டு போகும். இறங்காவிட்டால் வேலை போகும்.

படகில் கூட்டாளி இருந்தார். குனிந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார். பிறகு கையிலிருந்த டப்பாவைப் படகுக்குள் வீசி எறிந்துவிட்டு, தண்ணீரில் குதித்து விறுவிறுவென்று கரைக்கு வந்தார். மாமா முன்னால் வந்து, முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறு."

மாமா அசையவில்லை.

"ஏர்ரான்னா! கால் வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. முதுவுல ஏறக் கூடாதுன்னு எவனும் சொல்லல."

மாமா அவர் முதுகில் ஏறினார். கூட்டாளி இரண்டு எட்டு வைப்பதற்குள் தள்ளாடினார். அக்கா கை சமையல் லேசுப்பட்டதா? "அடப்பாவி, செத்தும் இன்னாடா இந்தக் கனம் கனக்கற!" என்று அலறினார். மாமாவின் கால்கள் தண்ணீரைத் தொடப் பார்த்தன.

"யோவ் மச்சான், இன்னா சொம்மா வேடிக்கை பாத்துகினு நிக்கற?" என்று என் மேல் பாய்ந்தார். "இவன கம்பினிக்கு இட்டும்போனவன் நீதானே? வந்து காலத் தூக்கு!"

நான் ஷூவோடும் பேன்ட்டோடும் தண்ணீரில் இறங்கி, மாமாவின் இரண்டு காலையும் தண்ணீர் படாமல் என் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். குதிகாலில் ஷூ கடித்த தழும்பு என் கன்னத்தில் உரசியது. அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அப்போது ஊரின் கடைசி வரிசை கடைசி வீட்டு மேல் படியிலிருந்து, மூன்று வரிசை வீடுகளையும் தாண்டி அக்காவின் குரல் வந்தது.

"டேய்! பாத்துத் தூக்குங்கடா! எம் புருசன் உசுரோட கீறாருடா!"

தலைவர் காதிலும் அது நன்றாகவே விழுந்திருக்கும். அவர் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார்.